ஆறு அங்குலம்

நெஞ்சு எரிகிறது என்று எந்த மொழியில் சொல்வது?
ஜுபைல் கிளினிக்கில் என் டோக்கன் நாற்பத்தொன்று.
தமிழில் வயிற்றெரிச்சல் என்றாலோ
அடுத்தவன் வீடு கட்டுகிறான் என்று பொருள்.
தொப்புளுக்கு மேலே விரலை வைத்து
தீக்குச்சி உரசுவதுபோல்
தொண்டைவரை இழுத்துக் காட்டினேன்.
"ஹுமூதா" என்றார் எகிப்து டாக்டர்.
பெயர் கிடைத்ததுமே கொஞ்சம் இறங்கியது.

ஆனாலும் முதலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்.
குளிர்ந்த பசை, வயர்கள், ஓடும் தாள்.
பதினேழாம் அறை ரெத்தினசபாபதியும்
வெறும் வாயு என்றுதான் சொன்னான்.
சோடா குடித்துவிட்டுப் படுத்தான்.
மீதிச் சோடா
விடிந்தும் தலையணை அருகே இருந்தது.
தாளைப் பார்த்து டாக்டர் தலையசைக்கும்வரை
நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

இதயம் சரி. இனிக் கேள்விகள்.
அவர் அரபியில் கேட்க,
சிஸ்டர் ஷைலம்மா பாதித் தமிழில் தந்தாள்.

எப்போது சாப்பிடுகிறாய்?
கிரேன் கேபின் எண்பது மீட்டர் மேலே.
இறங்கி ஏறினால் இடைவேளை தீர்ந்துவிடும்.
பகலெல்லாம் சுலைமானி, பிஸ்கட்.
ஒன்பதே முக்காலுக்கு மெஸ்,
மலைபோல் சோறு, எலுமிச்சை ஊறுகாய்,
பத்தேகாலுக்குக் கட்டில்.
முதுகு வலிக்கு?
தினம் இரண்டு மாத்திரை, வெறும் வயிற்றில்.
இதற்கு ஷைலம்மா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு
மலையாளத்திலேயே திட்டினாள்.
முழுக்கப் புரிந்தது.

நான் வேறென்னவோ நினைத்திருந்தேன்.
மூன்று மாதமாக வராத சம்பளம்,
ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை,
தங்கை அனுப்பி நான் திறக்காத வாய்ஸ் மெசேஜ்,
இவைதான் எதுக்களித்து வருகின்றன என்று.
டாக்டர் அவற்றைக் கேட்கவில்லை.
ஊறுகாயைக் கேட்டார்.

காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு கேப்சூல்.
வலி மாத்திரையை விடு.
மலம் கறுத்தாலோ விழுங்க அடைத்தாலோ ஓடி வா.
சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதே.
"நாலே முக்காலுக்கு பஸ்" என்றேன்.
பேனா நின்றது.
கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்:
கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்து.

கீழ்க்கட்டில் என்னுடையது,
மேல்கட்டில் தில்பகதூருடையது.
என் தலை உயர்ந்தால் அவன் தலையும் உயரும்.
அவனுக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கும்.
சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒரு எழுத்தும் புரியாமல் வெளியே போய்
சாரப் பலகையில் அறுத்த இரண்டு கட்டைகளோடு வந்தான்.

இப்போது காலையிலேயே
ஒரு டப்பா தயிர்சாதம் என்னோடு கிரேன் ஏறுகிறது.
இரவில் அரைவயிறு.
பிறகு வராந்தாவில்,
ஏசி தண்ணீர் சொட்டும் வரிசையில்,
தூக்கம் சொக்கும்வரை நடக்கிறேன்.
எரிச்சல் போய்விட்டதா என்றால்,
வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது.

நள்ளிரவில் சில சமயம் விழிக்கிறேன்.
மேலே தில்பகதூர்
கால்மாட்டுக் கம்பிவரை சறுக்கிப் போய்,
ஒரு பெருமூச்சு விட்டு,
கையூன்றி மெல்ல
மறுபடி மேலேறும் சத்தம்.