மணி ஒன்று, கதவு நான்கு

சிலாபாங் மேட்டில் ராணுவம் முகாம் போட்ட வாரம்
முதலில் அக்ரூட் மரங்கள் போயின.
குறிபார்க்க மறைக்கின்றனவாம்.
பிறகு என் பள்ளிக்கூடத்தின் நான்கு கதவுகள்,
பதுங்குகுழிகளுக்குக் கூரையாக.
கடைசிக் கதவில் ஏழாம் வாய்ப்பாடு
பாதிவரை சாக்கட்டியில் இருந்தது.
இப்போது யாரோ ஒரு சிப்பாய்
மல்லாந்து படுத்தபடி
ஏழைந்து முப்பத்தைந்தில் நின்றுவிடுகிறான்.

மணியைக் கேட்கத்தான் மேலே போனேன்.
மணி என்றால் மணியில்லை,
தொங்குபாலம் கட்டியவர்கள் விட்டுப்போன இரும்புத் துண்டு.
பதினோரு வருடம் என் கைதான் அடித்தது.

முள்கம்பி மூன்று சுற்று.
கம்பி நெடுக காலி ரம் பாட்டில்கள்,
இரட்டை இரட்டையாய், உள்ளே கூழாங்கல் போட்டு.
காற்றடித்தால் கல்யாண வீடு.
"வெள்ளைக் கல்லுக்கு இடப்பக்கம் மிதிக்காதீங்க, சார்,
வெடிக்கும்" என்றான் வாசல் காவல்.
பிரூலால் தாரு. சமவெளிப் பையன்.
அதற்குமுன் பனியே பார்த்ததில்லையாம்;
கைகளில் காலுறை மாட்டியிருந்தான்.

கேப்டன் தேநீர் கொடுத்தார்.
ஊருக்குள் சர்க்கரை வரத் தடை.
அதனால் மூன்று கரண்டி போட்டுக்கொண்டேன்.
மணி கிடைக்கவில்லை, ரசீது கிடைத்தது:
மணி ஒன்று. கதவு நான்கு.
அமைதி திரும்பியதும் ஒப்படைக்கப்படும்.
கையெழுத்து. முத்திரை.

அன்றிரவு காட்டிலிருந்து அவர்கள் வந்தார்கள்.
ஒருத்தி என்னிடம் படித்தவள், ஜௌமாயா புன்.
கணக்கில் ஒருநாளும் தேறாதவள்.
சுவரில் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.
"காவல் மாறும்போது எத்தனை மணி அடிக்கிறார்கள், சார்?"

எனக்குத் தெரியும்.
ஒன்பதுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று, விடியலில் ஒன்று.
தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"காது மந்தமாகிவிட்டது" என்றேன்.
அவள் நம்பவில்லை.
கடைசிப் பெஞ்சின் முணுமுணுப்பைப் பிடித்த காது இது.
ஆனாலும் எழுந்து ரசீது எழுதினாள்:
ஒன்பது பேர், ஆளுக்கு இரண்டு தட்டு,
மொத்தம் பதினாறு தட்டுச் சோறு.
புரட்சி வென்றதும் கணக்குத் தீர்க்கப்படும்.

போனபின் சிவப்புப் பேனாவை எடுத்துப்
பதினாறை அடித்துப் பதினெட்டு என்று திருத்தினேன்.
இரண்டும் வருகைப் பதிவேட்டுக்குள் இருக்கின்றன,
ஒன்றை ஒன்று பார்த்தபடி.

மாசி முதல் வாரம் ஆலங்கட்டி.
ஒரே நேரத்தில் பாட்டில்கள் எல்லாம் அலறின.
முகாம் விடியவிடியச் சுட்டது,
எதிரே யாருமில்லை, மழைதான்.
நானும் பசுவும் ஒரே கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தோம்.

காலையில் கதவில்லாத வகுப்பில் ஆறு பேர்.
பெருக்கல் எடுத்துக்கொண்டிருந்தேன்.
மேலே ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.
சற்று நேரம் கழித்து மணி.
இரண்டில்லை, மூன்றில்லை,
யார் கையோ நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளைக் கற்களெல்லாம் ஆலங்கட்டியில் மூடிக் கிடந்தன என்று
மத்தியானம் பால்காரி சொன்னாள்.
கம்பியில் ஒரு காலுறை என்றாள்.

அதற்குள் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.
விடாமல் அடித்தால்
பள்ளி விட்டாச்சு என்று அர்த்தம்,
நான்தான் பழக்கியது.