ஒன்பதாம் சுற்று

பகலில் பல் செய்கிறேன்.
என் பீங்கான்கள்
ப்ர்னோ நகரத்து வாய்களில் ரொட்டி கடிக்கின்றன.
இரவில் அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி,
அதே கடுகளவு துரப்பண முனை.
மேசையில் மட்டும் பல் இல்லை,
முப்பத்துநான்காம் ஆண்டின் பந்தயக் கார் ஒன்று,
இருபத்துநாலில் ஒரு பங்காக.

இந்தக் காருக்கு எந்தக் கம்பெனியும் பெட்டி போடவில்லை.
இருப்பது ஒரே புகைப்படம். இடப்பக்கம் மட்டும்.
அதிலும் பின்சக்கரத்தை
ஒரு போலீஸ்காரரின் தொப்பை மறைக்கிறது.
அப்புறம் முடிவுப் பட்டியலில் ஒரு வரி:
ஜிந்த்ரா, ப்ரோகோப். ஒன்பதாம் சுற்று. மேக்னெட்டோ. விலகல்.

ஆரக்கம்பிக்கு கிட்டாரின் மிக மெல்லிய தந்தி,
சக்கரத்துக்கு எழுபத்திரண்டு.
மூன்றாம் சக்கரத்தில் ஒன்று மாறிப் பின்னியது
கடைசியில்தான் தெரிந்தது.
பிரித்தேன், எல்லாவற்றையும்.
புகைக்குழாய்க்கு ஊசி மருந்தின் ஊசி.
இருக்கைத் தோலுக்கு ஒயின் புட்டியின் கழுத்துத் தகடு.
பானெட்டைக் கட்டும் வார்
ராடிமின் கையுறையிலிருந்து வந்தது,
அவனுடைய இடது சுண்டுவிரல் இந்தக் குளிர்காலம் முழுக்க
என்னைத் திட்டுகிறது.

படம் கறுப்பு வெள்ளை. கார் வெள்ளை என்கிறார்கள்.
எந்த வெள்ளை?
என் தொழிலில் பல்லுக்கே பதினாறு நிறம்.
புழுதியில் எட்டுச் சுற்று ஓடிய வெள்ளை எனக்குத் தெரியும்:
முப்பது வருடம் சிகரெட் பிடித்தவரின் கோரைப்பல்.
கலந்து பூசினேன். காய்ந்தபின் ராடிம் சொன்னான்,
"வாய் நாறும் போலிருக்கிறதே."

பிறகு மேக்னெட்டோ.
கருகியதா, ஈரம் புகுந்ததா, முறிந்ததா?
அந்த ஒரு வரி அதைச் சொல்லவில்லை.
நானாகத்தான் முடிவு செய்தேன்:
எஞ்சினையும் மேக்னெட்டோவையும் சேர்க்கும் தட்டு.
பேண்டேஜ் துணியில் பிசின் ஊற்றிக் கடைந்தேன்,
தினையைவிடக் கொஞ்சம் பெரிது,
மூச்சு விட்டால் பறக்கும்.

முழுத் தட்டு செய்ய ஒரு மாலை.
அதை உடைக்க நான்கு.

கத்தி வைத்தால் வெட்டு தெரிகிறது.
வெட்டு வேறு, முறிவு வேறு.
கையால் இழுத்தால் மூன்றாகிறது.
எஞ்சின் சுழலும் திசையிலேயே,
சூடேற்றி, இடுக்கியில் பிடித்து,
மெதுவாக,
மெதுவாக முறுக்கினேன்.
ஐந்தாவது தட்டு
யாரும் கேட்காத ஒரு சத்தத்தில் விட்டது.

போட்டி ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என் கார்.
நடுவர் ஷ்டெபானெக் டார்ச்சோடு குனிந்தார்.
ஆரங்களை எண்ணினார். வாருக்குத் தலையசைத்தார்.
பானெட்டுக்குள் வெளிச்சம் போய் அங்கேயே நின்றது.
"அடடா, வழியில் பசை விட்டிருக்கிறது."
உண்மையான வருத்தம் அவர் குரலில்.
சட்டைப்பையிலிருந்து பசைக்குழாயே எடுத்துவிட்டார்.
"ஒரு துளி போதும். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்."

முடிவுப் பட்டியலின் நகல் என் கைப்பையில் இருந்தது.
நாலாய் மடித்து, சிவப்புக் கோடு போட்டு.
எடுத்திருக்கலாம்.
ஆனால் சாலையோரம் நின்ற ப்ரோகோப்
தன்னைத் தாண்டிப் போன ஒவ்வொரு காரிடமும்
காரணம் சொல்லியிருக்க முடியாது.
"வேண்டாம்," என்றேன்.
ஒரு புள்ளி குறைத்தார்.
நான்காம் இடம்.

திரும்பும் பேருந்தில் மடியில் பெட்டி.
பொசொனோஹியில் கதவு திறந்தது.
பழைய பந்தயப் பாதை இந்த வழியாகத்தான் போனது.
இங்கேதான் நின்றானா, இன்னும் மேட்டிலா,
அந்த வரியில் அதுவும் இல்லை.
யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.
பேருந்தின் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்க
பெட்டிக்குள் ஏதோ ஒன்று
கிலுகிலுத்தது.

இதை நான் செய்யவில்லை.
எது கழன்றதோ,
வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.