பதினாலு கிராம்

லாரிச் சக்கரங்களில் இருந்து கழன்ற ஈயத்தை
பழைய குழம்புக் கரண்டியில் உருக்கி
கடை ஓய்ந்த மதியங்களில் அச்சில் ஊற்றுவேன்.
பதினாலு கிராம்.
பத்தென்றால் நீரோட்டம் தூக்கிப் போகும்
இருபதென்றால் சேறு விழுங்கும்
பங்குனி மாத எண்ணூர்க் கழிமுகத்துக்குப்
பதினாலுதான்.
குத்புதீன் பத்து கிராம் கட்சி.
இதனால் இரண்டு வாரம் பேசாமலிருந்தோம்.

மார்கழியில் ஆழத்தில் கிடந்த கொடுவா
வெயில் சேற்றை வெதுவெதுப்பாக்கியதும்
முழங்கால் தண்ணீருக்கு ஏறிவரும்
இருட்டிய பிறகு, இறால் தேடி.
டார்ச் அடித்தால் அதன் கண் எரியும்
அணைக்காமல் போட்ட இரண்டு பீடி மாதிரி.
அடிக்கக் கூடாது.
ஒருமுறை அடித்தேன்
விடியும்வரை வெறும் தண்ணீர்.

காற்று முகத்தில் அறையும் கரையில் நிற்க வேண்டும்.
முதுகுக்குக் காற்று வாங்கும் கரை சுகம்
அந்தச் சுகத்தில் ஒன்றுமே மேயாது.
எறி.
ஈயம் தரையைத் தொடும்வரை விரலால் கேள்.
தொட்டதா,
நுனிக்கம்பை ஒரு சாண் தூக்கு, விடு.
கொடுவா கடிப்பது விழும்போதுதான்
எழும்போதல்ல.
பொறுமை இல்லாதவன் நரம்பை
பாலத்துக் காலில் ஒட்டிய ஆளி அறுத்துக்கொள்ளும்.

நேற்று, ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும் நேரம்,
கும்மிடிப்பூண்டி முதல் வண்டி இன்னும் வரவில்லை
புகைபோக்கி உச்சியில் சிவப்பு விளக்கு
விட்டுவிட்டு.
இருபத்தெட்டாவது எறி.
தூக்கினேன், விட்டேன்,
கனத்தது.
மூச்சைப் பிடித்து வெட்டி இழுத்தேன்
கம்பு வில்லாய் வளைந்தது
இருட்டு பேசியது:

“யோவ், இழுக்காத. நான் மீனு இல்ல.”

கழுத்தளவு நீரில் ஒருத்தி.
பல்லில் கடித்திருந்த பனையோலைப் பறி
என் தூண்டிலில் பாதி கிழிந்து தொங்கியது.
“பறி போனா போவுது, பல்லு போயிருந்தா?”
பேசும்போதும் அவள் கைகள் மேலே வரவில்லை
கீழே சேற்றில் துழாவிக்கொண்டே இருந்தன.
தேசம்மாவாம் பெயர்.
ஒன்றரை மணியிலிருந்து நீருக்குள் இருக்கிறாளாம்.
நான் அங்கே எறிந்துகொண்டிருந்ததும் ஒன்றரை மணியிலிருந்துதான்.
வயிற்றில் ஏதோ புரண்டது.

“முக்கா கிலோ எறா, மொத்தமும் போச்சு.”
“அரை கிலோ இருக்கும்.”
“நீ எண்ணினியா?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
டப்.
பறி கவிழ்ந்த இடத்தில்
ஈரச் சாக்கைத் தரையில் அடித்த ஓசை.
இருவரும் அசையவில்லை.
மறுபடி, டப்.
சிதறிய இறால் துள்ளும் சின்னச் சத்தம்
அதன்மேல் அந்தப் பெரிய சத்தம்.

“பாத்துக்கினே நிக்கிறியே, எறிய்யா!”
“நீ முதல்ல நகரு.”

அவள் என் பின்னால் வந்து நின்றாள்
சட்டைமுதுகில் அவள் சேலைத் தண்ணீர் சொட்டியது.
எறிந்தேன்.
எண்ண மறந்தேன்.
தொட்டதா என்று கேட்கவுமில்லை.
விழும்போதே வாங்கிக்கொண்டு ஓடியது
ரீல் கத்தியது, வண்டி வந்தது
பாலம் முழுக்க வெளிச்சம் தடதடத்துக் கடக்க
அந்த வெளிச்சத்தில் ஒருமுறை முழுதாய் எழும்பி
வாய் திறந்து தலையை உதறியது.

நான்கரை கிலோ, காட்டுக்குப்பம் தராசில்.
மூன்றில் இரண்டு பங்கு அவளுக்கு.
எப்படி அப்படி ஆனது என்று தெரியவில்லை.
பேரம் பேசியது நான்தான்.
போகுமுன் என் ஈயத்தை வாங்கி
முன்பல்லில் கடித்துப் பார்த்தாள்.
“இத்தினூண்டுக்கா இவ்ளோ அலம்பல்?”

காலையில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தபோது
குத்புதீன் வந்தான், போட்டோ பார்த்தான்.
எத்தனை கிராம் என்றான்.

பதினாலு என்றேன்.
முக்கால் கிலோவைச் சொல்லவில்லை.