மூன்று மில்லிமீட்டர்

வேலை எனக்குத்தான் கிடைத்தது.
அந்தோஃபகஸ்தாவில்,
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை,
இரவு ஷிஃப்ட், வாடகையில் பாதி கம்பெனி தரும்.
வால்டிவியாவில், ஈர விறகு புகைந்த சமையலறையில்,
மின்னஞ்சலை உரக்கப் படித்தேன்.
விளாதிமிர் கேட்டது ஒன்றே ஒன்று:
"அங்கே மழை பெய்யுமா?"
பெய்யாது என்றேன்.
"நல்லதாப் போச்சு" என்றான்,
இருபது வருடம் ஊர்க்கூரைகளின் ஒழுகலை அடைத்து
எங்களைக் காப்பாற்றியவன்.

எதற்கு ஏற்றினோம் என்று தெரியாமலே
லாரியில் வந்து இறங்கின
ஆறு குடைகள், நாலு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
விறகடுப்பின் இரும்புக் கதவு மட்டும்.
(அடுப்பை வாங்கியவர்
கீல் உடைந்த கதவு வேண்டாமென்று விட்டுப்போனார்.)

எங்களுடையது ஐந்தாவது மாடி, அதுவே கடைசி.
சன்னலில் நின்றால் ஊரின் உச்சந்தலை தெரியும்.
கூரை என்று எதையும் சொல்ல முடியாது,
தட்டையாக மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
அதன்மேல் சோபா, கட்டில், தொட்டில்,
வாய் திறந்த அட்டைப்பெட்டிகள்.
சரிவு இல்லை, வழிகால் இல்லை, ஆணிக்குத் தொப்பி இல்லை
என்று விளாதிமிர் விரல் மடக்குவான்.
"ஒருத்தனுக்கும் பயமில்லை பார்"
என்பான், பொறாமைப்படுகிற குரலில்.
பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு
சூப்பர்மார்க்கெட்டுக்குத் தள்ளுவண்டி அடுக்கப் போவான்.

அந்தோனெல்லாவுக்குப் பள்ளியில் பெயர் தெற்கத்திக்காரி.
பெயரை அவள் மறுக்கவில்லை,
என்னோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள்.
சின்னவன் லௌதாரோ
வீட்டை வரையச் சொன்னால்
தாள் முழுக்க முதலில் கோடு கோடாய் மழையைப் போட்டுவிட்டு
அப்புறம்தான் சுவரைத் தொடங்குகிறான்.
"இது என்ன, கம்பிவேலியா?"
என்று கேட்டதாம் பக்கத்துப் பெஞ்சு.

ஆலையில் என் பொறுப்பு நான்காம் பம்ப்.
கடல் உள்ளே வரும்,
தண்ணீர் ஊருக்குப் போகும்,
உப்பு மட்டும்
வந்த இடத்துக்கே திரும்பிவிடும்.
விடிந்து வீடு வந்தால் தேநீர் வைத்திருப்பான்.
நான் எதையும் கேட்பதில்லை.
"நல்லாயிருக்கு" என்பான், கேட்காமலே.
வீடு நல்லாயிருக்கு, வெயில் நல்லாயிருக்கு,
வேலை நல்லாயிருக்கு.
ஒவ்வொன்றும் நான் அடைக்கவேண்டிய கடன்போல
மேசையில் சேர்ந்துகொண்டே போனது.

ஜூனில், எனக்கு ஷிஃப்ட் இல்லாத ஓர் இரவு,
சன்னலில் யாரோ மணலை வாரி வீசும் சத்தம்.
யாரும் யாரையும் எழுப்பவில்லை,
நான்கு பேரும் எழுந்து நின்றிருந்தோம்.
கீழே ஊரே அலறியது.
கட்டிலை இழுக்கிறார்கள், வாளி உருளுகிறது,
தெருவிளக்கு பொட்டென்று போயிற்று.
எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் நோர்மா மமானி
இரவு உடையில், ஒற்றை ஆளாய்,
சோபாவுக்கு ஷவர் திரையைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

ஏணியைத் தேடுவான் என்று நினைத்தேன்.
தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான்,
மூச்சு வாங்கும்வரை.
அப்போது எங்கள் கூரையும் ஒழுகியது,
அவன் நெற்றியில், குறி வைத்ததுபோல.
துடைத்த விரலை நாக்கில் வைத்தான்.

"நல்லாயில்லை" என்றான்.
பிறகு இருட்டைப் பார்த்து,
"எதுவுமே நல்லாயில்லை" என்றான்.

அந்தோனெல்லா சொட்டுக்கு அடியில்
சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.
நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
நாலு மாதமாகச் சரியாக மூடாத ஏதோ ஒன்று
எனக்குள் மூடிக்கொண்டது, அல்லது திறந்தது.
அந்த நேரத்தில் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காலையில் ரேடியோ சொன்னது:
மூன்று மில்லிமீட்டர், பள்ளிகளுக்கு விடுமுறை.
எங்கள் ஊரில் மூன்று மில்லிமீட்டருக்கு
கொடியில் காயும் துணியைக்கூட எடுக்கமாட்டோம்.
ஒன்பது மணிக்கு நோர்மா மமானி கதவைத் தட்டி
"கூரைக்காரர் இருக்கிறாராமே?" என்றாள்.
இருக்கிறார் என்றேன்,
தூங்குகிறார்.

அவள் சோபா மறுபடி மேலே காய்ந்துகொண்டிருந்தது.
இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது.