இடது முழங்கால்

எக்ஸ்ரே படத்தில் அது வடிவாய்த் தெரிந்தது,
பயறளவு இரும்பு,
எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாய்.
"இதுதான்" என்றார்கள் மாஞ்சோலை ஆஸ்பத்திரியில்.
"இதுதான்" என்றா மருந்து கட்டிய தாதி.
ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனமும்
என் நொண்டலைப் பார்த்து
"செல்துண்டுதானே பிள்ளை, கிளறாதையுங்கோ" என்றது.
இங்கே எந்த நோவுக்கும்
விடை ஒன்று முதலே ஆயத்தமாய் இருக்கும்.
நானும் நம்பினேன்.

சிரட்டைக்கு மேல் வீக்கம்
முதலில் நாவற்பழம்,
தைப்பூசத்துக்குள் விளாம்பழம்.
அமத்தினால் உள்ளே தண்ணி அசையும்.
பின்னேரம் காய்ச்சல் வரும், விடியப் போகும்,
இரவுக் காவலுக்கு வாற ஆள் மாதிரி.
பாய் முழுக்க நனைந்த வைக்கோல் மணம்.
குந்த ஏலாமல்
வாளியைக் கதிரையில் வைத்து
நின்றபடி கறந்தேன்.
பால் எடுக்கிற மோட்டார் சைக்கிள் ஆறரைக்கு மேல் நில்லாது.

வவுனியாவில்தான் ஊசி போட்டு இழுத்தார்கள்.
கலங்கின தேன், அரைக் குழாய்.
டொக்டர் விதானகே
தமிழைச் சொல் சொல்லாய்ப்
பெட்டிக்குள் தேடி எடுத்துக் கேட்டார்:
"அம்மா… மாடு இருக்கா?"
ஆறு மாதமாய் ஒருவரும் கேட்காத கேள்வி.
"ரெண்டு இருக்கு. சிவலை, கறுப்பி."
"குட்டி… செத்து வந்ததா?"

அப்போதுதான்
என் கைகளைப் பார்த்தேன்.

ஐப்பசி மழை. சிவலைக்கு ஏழாம் மாதம்.
குகேந்திரன் ரோச் பிடிக்க
சேற்றில் முழந்தாளிட்டு
முழங்கை மட்டும் விட்டு இழுத்தேன்.
கண்டு மயிர் சரியாய் மூடாமல் வந்தது.
கிரவல் கல் தோலை உரசியது,
இடது பக்கம்.
இளங்கொடி விழ மற்ற நாள் மத்தியானம் ஆனது.
அதை யூரியாச் சாக்கில் கட்டி,
மடியோடு அணைத்துக்கொண்டு போய்,
பால் வற்றக்கூடாதென்று
குளக்கட்டு ஆலமரத்தில் தொங்கவிட்டேன்.
சாக்கு காலில் வடிந்தது.
கழுவினேன்தான். சவுக்காரம் போடவில்லை.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வந்தது.
தட்டில் முளைத்துவிட்டதாம். புருசெல்லா.
பேரைக் கேட்டால்
ஆரோ வெளிநாட்டுப் பொம்பிளைப் பிள்ளை.
மெதுவாய் வளருமாம்,
மூட்டுக்குள்ளும் இருக்குமாம்,
சிரட்டைக்கு மேல் கிடக்கிற சின்னப் பைக்குள்ளும்.

இரும்பு நிரபராதி.
பதினாலு வருசம் அதைத் திட்டியிருக்கிறேன்.
அன்றிரவு அந்த இடத்தைத் தடவினேன்,
என்ன சொல்வதென்று தெரியவில்லை.

குளிசை மூன்று மாதம், இரண்டு நிறம்.
மூத்திரம் செவ்விளநீர்த் தோல் போல் போக
குகேந்திரன் பயந்துவிட்டார்.
கன காலத்துக்குப் பிறகு சிரித்தேன்.

மிருக வைத்தியர் ஆரபி வந்து
இரண்டிலும் இரத்தம் எடுத்தா.
கறுப்பிக்கு இல்லை. சிவலைக்கு இருக்கு.
விற்கக்கூடாது. பால் கொடுக்கக்கூடாது.
அன்று பொழுதுபட லொறிக்காரன் படலையில்.
"நெடுங்கேணிப் பக்கம் ஒரு மனிசி கேக்கிறா அக்கா,
கேள்வி ஒண்டும் கேக்கமாட்டா. எண்பதாயிரம்."
சிவலையை நான் வாங்கியபோதும்
கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

பார்த்திராத அந்த மனிசியின் முழங்கால்
கண்ணுக்குள் வந்தது.
படலையைச் சாத்தினேன்.
பெருமையாய் இருக்கவில்லை.
கடன் புத்தகம் மேசையில்தான் கிடக்கிறது.

இன்றைக்கு
இரண்டு கையிலும் ஷொப்பிங் பையை
முழங்கை வரை இழுத்துக் கட்டி
கொக்கத்தடியோடு குளக்கட்டுக்குப் போனேன்,
என் சாக்கை அறுத்துப் புதைக்க.

பத்தொன்பது சாக்குகள் தொங்கின.
எல்லாம் யூரியா.
சிலது காய்ந்து சருகாய்.
ஒன்று புதுசு, இன்னும் சொட்டியது,
சொட்டின இடத்தில் தவக்குலம் வீட்டு ஆடு
நக்கிக்கொண்டு நின்றது.

அதைக் கலைத்தேன்.
பிறகு, நொண்டி நொண்டி,
முதலில் தவக்குலம் வீட்டுக்கு.