பூட்ஸ் காயும் நேரம்

தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியில்
உலோகம் தானே விளக்காகிவிடும்.
அந்த வெளிச்சத்திலேயே அதைப் பார்க்க முயன்றால்
ஒன்றும் தெரியாது,
செக்கச்செவேல் என்று ஒரு கறை.

அதனால் ஐரியா நீல விளக்கைப் போடுகிறாள்.
சிவப்பை உள்ளே விடாத வடிகட்டியைக்
கேமராவின் கண்ணில் திருகுகிறாள்.
இப்போது உலை அணைந்ததுபோல்
சாம்பல் நிறத்தில் நிற்கிறது, சுண்டுவிரல் நீளத் தகடு.
வெள்ளைப் பூச்சின்மேல் கரும்புள்ளிகள்:
பழைய பல் பிரஷ்ஷின் நாரைச் சுண்டிச் சுண்டி
அவளே தெளித்தவை.

வெளியே டாம்பரே. மைனஸ் இருபத்திரண்டு.
ஏரி இரண்டும் இறுகிக் கிடக்கின்றன.

பதினேழு நாளாகத் தகட்டின் அடியில் எடை தொங்குகிறது.
ஆறு நிமிடத்துக்கு ஒரு படம்.
ஒவ்வொன்றிலும் கணினி
பழைய புள்ளிகளைத் தேடிப் போகிறது:
நீ அங்கே இருந்தாயே, இப்போது எங்கே?
மயிரிழையை நூறாகக் கிழித்தால் அதில் ஒன்று,
அவ்வளவுதான் நகர்வு.

தமிழில் இதைத் திரிபு என்போம்.
புணர்ச்சி விதியில் வருகிற அதே சொல்;
தோன்றல், திரிதல், கெடுதல்.
ஐரியாவுக்கு அது தெரியாது.
அவள் மொழியிலும்
வேற்றுமை உருபு ஏறினால்
சில சொற்களுக்கு நடுவில் மெலியும்.

அதிகாலை மூன்று மணிக்கு வரைகோடு நடுங்குகிறது.
நீள்கிறது, சுருங்குகிறது, மறுபடி நீள்கிறது.
எடை தாங்கும் உலோகம் இப்படி மூச்சு விடாது.
இந்தச் சூட்டில் நீண்டது நீண்டதுதான்.
பொய் சொல்வது
நடுவில் இருக்கும் காற்று,
சவுனாக் கல்லின்மேல் நெளிகிற அதே காற்று.

அதைக் கலைக்க ஜன்னலுக்கு முன்னால் வைத்த மின்விசிறி
அங்கே இல்லை.
காரிடாரில், ஹீட்டர் பக்கத்தில்,
டூரேயின் நனைந்த பூட்ஸ் இரண்டின்மேல்
மும்முரமாக வீசிக்கொண்டிருக்கிறது.

டூரே கம்பளிக் காலுறையோடு நாற்காலியில் தூங்குகிறான்.
எழுப்பித் திட்ட நான்கு வாக்கியம் சேர்த்திருந்தாள்.
"ஐம்பத்தேழு படம்" என்று மட்டும் சொன்னாள்.
அவன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான்.
விசிறியைத் தூக்கிக்கொண்டு போனான்,
வெறுங்காலுறையோடு.

நாற்பது மணி நேரம் கழித்து
தகடு ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கி
இரண்டு படங்களுக்கு இடையில்,
யாரும் பார்க்காதபோது அறுந்தது.
அடுத்த படத்திலும் கணினி தேடுகிறது:
நீ அங்கே இருந்தாயே.

ஐரியா முதல் படத்தைத் திறக்கிறாள்,
உலை மூட்டும் முன் எடுத்தது.
இடது மூலையில், அன்று கவனிக்கவில்லை,
பூச்சில் ஒட்டியிருக்கிறது
அவள் தலைமுடி ஒன்று.
அடுத்த படத்தில் இல்லை.