ஆகஸ்ட், மூன்றாம் வாரம்

ஓசார்க் மலைச்சரிவில்
ஓக் மரங்களின் தலைக்கு மேலே
நூறடிக் கோபுரம்.
குழாயை நீட்டி
இலைகள் விடும் மூச்சை
அளக்கிறாள் ஒலீட்டா.

ஜூனில் வெயில் ஏற ஏற
ஐசோப்ரீனும் ஏறியது.
சூடு தாங்க
இலை தனக்கே சுரந்துகொள்ளும் மருந்து.
மலை முழுக்க நீலம் படர்ந்தது.
கீழே காரை அணைக்காமல் நிறுத்திப்
படமெடுத்தவர்கள்
என்ன அழகு என்றார்கள்.
அழகுதான்.
அந்தக் கார்ப்புகையோடு சேர்ந்தால் ஓசோன்.

நாற்பத்தோரு நாளாக மழையில்லை.
எண் சரிந்தது.
கருவியைத் தட்டினாள்.
வடிகட்டியை மாற்றினாள்.
சிலிண்டர் வாயுவைச் செலுத்திப் பார்த்தாள்;
பிசகாமல் படித்தது.

நிமிர்ந்தாள்.
கழுவிவிட்டாற்போல் வானம்.
எதிர்மலையில்
ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது,
இதுவரை தெரிந்ததேயில்லை அப்படி.

பதிவேட்டில் எழுதினாள்:
கருவியில் பழுதில்லை.